ஒரே வீடு, மூன்று கொட்டேஷன்: பள்ளத்தூரிலிருந்து வேளச்சேரிக்கு

வீட்டுச் சாமானைச் சென்னைக்கு ஏற்ற வாங்கிய மூன்று கொட்டேஷன் தாள்களையும் ஆச்சி ஊஞ்சல் பலகையில் பரப்பி, காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு பித்தளைச் செம்பை வைத்திருந்தார். ஒரு தாளில் ரூ.34,000. அடுத்ததில் ரூ.58,000. மூன்றாவதில் ரூ.87,000. வீடு ஒன்று, சாமான் ஒன்று, போகிற இடமும் ஒன்று.

"இதுல யாரு தம்பி பொய் சொல்றாக?"

யாருமே பொய் சொல்லவில்லை, அதுதான் சிக்கல். மூன்று பேரும் மூன்று வேறு வேலைகளுக்கு விலை போட்டிருந்தார்கள். தலைப்பில் மட்டும் ஒரே வீட்டின் முகவரி.

நான் காரைக்குடியில் ஒன்பது வருஷம் சர்வே பார்த்தவன். வீடு மாறுகிறவர்கள் கூப்பிட்டால் நேரில் போய், பீரோவைத் திறந்து, பரணில் ஏறி, "இதெல்லாம் வருதா?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்து விலை சொல்கிற வேலை. இப்போது அந்தத் தொழிலில் இல்லை. 2024 ஆடியில் நடந்த இந்த ஒரு மாற்றத்தை முழுக்க எழுதி வைக்கிறேன். இதில் வரும் தொகைகள் இந்த வீட்டுக்கு மட்டும் பொருந்தும். கணக்குப் போடுகிற வழியை எந்த வீட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

வீடும் சாமானும்

செட்டிநாட்டு வீடு என்றால் பலருக்கும் பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும்தான் நினைவுக்கு வரும். சாமான் ஏற்றுகிறவனுக்கு நினைவு வருவது வீட்டின் நீளம். முகப்பு, திண்ணை, பட்டாலை என்கிற கூடம், வளவு என்கிற நடு முற்றம், வளவைச் சுற்றி அறைகள், அதைத் தாண்டி இரண்டாங்கட்டு, அப்புறம் அடுப்படி, கடைசியில் கிணறும் பின்கட்டும். முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும்.

காரைக்குடி பக்கத்தில் பள்ளத்தூரில் இருக்கும் இந்த வீட்டில் ஐந்து புள்ளிகளுக்குப் பங்கு. புள்ளி என்றால் நகரத்தார் கணக்கில் கல்யாணமான ஒரு குடும்பம். ஆச்சியின் பங்குக்கு வளவில் இரண்டு அறை, இரண்டாங்கட்டில் ஒரு சாமான் அறை, அடுப்படியில் ஒரு பக்கம். மற்ற பங்காளிகள் வெளியூரிலும் மலேசியாவிலும். எழுபத்து நாலு வயதில் அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று, சென்னை வேளச்சேரியில் தான் குடியிருக்கும் அடுக்ககத்திலேயே மூன்றாவது மாடியில் ஆச்சிக்கு ஒரு வீடு பிடித்திருந்தார் மகள்.

போக வேண்டிய சாமான்: தேக்குக் கட்டில் இரண்டு, தேக்கு பீரோ ஒன்று, இரும்பு பீரோ ஒன்று, பெட்டகம் ஒன்று, பித்தளைச் சங்கிலியோடு ஊஞ்சல், ஐந்தடிக்கு மூன்றடி பெல்ஜியம் கண்ணாடி, சாய்வு நாற்காலி இரண்டு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, பதினாலு பெட்டிப் புத்தகம், நாலு அண்டா, குத்துவிளக்குகள், வெங்கலப் பானைகள், கல்யாணத்தில் வந்த எனாமல் சாமான் மூன்று பெட்டி, மங்கு (பீங்கான்) ஜாடிகள், துணிமணி, சமையல் பாத்திரம், சுவர்ப் படங்கள். அப்புறம் ஆட்டுக்கல்லும் அம்மியும். மூன்றாவது மாடியில் ஆட்டுக்கல் எதற்கு என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இவ்வளவும் என் கணக்கில் 450 கன அடி. எடை 2,000 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

பருமனும் பாரமும்

வீட்டுச் சாமானுக்கு விலை போடுகிறவர்கள் எடையை விடப் பருமனைத்தான் முதலில் பார்ப்பார்கள். சோபாவும் மெத்தையும் லாரியை அடைக்கும், ஆனால் எடை இருக்காது. நகரத்து வீட்டுச் சாமான் கன அடிக்கு மூன்று, மூன்றேகால் கிலோ வரும் என்பது தொழிலில் புழங்குகிற மனக்கணக்கு. ஆச்சியின் சாமான் கன அடிக்கு நாலரை கிலோவைத் தாண்டியது.

பெட்டகத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். நாலடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம். வெளி அளவு 25 கன அடி. பலகை ஒன்றரை அங்குலக் கனம். ஆறு பக்கமும் சேர்த்து 52 சதுர அடிக்கு மேல் வருகிறது, அதாவது மரம் மட்டுமே ஆறரை கன அடி. தேக்கு ஒரு கன அடி சுமார் 18 கிலோ. பெருக்கினால் 117. பூட்டு, பட்டை, கைப்பிடி எல்லாம் சேர்த்தால் 130 கிலோ. அதே அளவு பிளைவுட் பெட்டி இதில் பாதிகூட வராது. ஆனால் சர்வே தாளில் இரண்டுக்கும் "பெட்டி, 25 கன அடி" என்றுதான் எழுதுவார்கள். ஆட்டுக்கல் இன்னும் மோசம். ஒரு கன அடி கருங்கல் 75 கிலோவுக்கு மேல். தாளில் அது ஒன்றரை கன அடி, ஒரு டிவி அட்டைப்பெட்டி அளவுகூட இல்லை. தூக்கிப் பார்த்தால் குழவியோடு 100 கிலோ.

லாரிக்கு இந்த இரண்டு டன் பாரமே இல்லை. பாரமெல்லாம் ஆளுக்குத்தான். 130 கிலோப் பெட்டகத்துக்கு நாலு பேர் வேண்டும். அதை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இழுத்துக்கொண்டு போக முடியாது, கோடு விழுந்துவிடும். சாக்கு விரித்து, தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். நிலைப்படியில் காலோ சாமானோ படக் கூடாது என்று ஆச்சி பக்கத்திலேயே நிற்பார். முகப்புத் திண்ணையிலிருந்து தெருவுக்கு ஏழு படி.

நீளத்தையும் அளந்தேன். இரண்டாங்கட்டு சாமான் அறையிலிருந்து முன்தெருவுக்கு எழுபது எட்டு, சுமாராக 175 அடி. போக வர 350. பெட்டியும் கட்டுமாகச் சேர்த்து 110 நடை என்று வைத்தால் 38,500 அடி. கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர், அதில் பாதித் தூரம் தலையில் சுமையோடு. இந்த 12 கிலோமீட்டருக்கு எந்தக் கொட்டேஷனிலும் தனி வரி கிடையாது. ஒன்று ஆள் எண்ணிக்கையில் ஒளிந்திருக்கும், அல்லது ஏற்றுகிற அன்று சண்டையாக வெளியே வரும்.

34,000 எப்படி வந்தது

மகள் சென்னையிலிருந்து போனில் வாங்கியது இது. எதிர்முனையில் கேட்டவை நாலே கேள்வி: எங்கிருந்து, எங்கே, எத்தனை பெட்ரூம், எந்தத் தேதி. "இரண்டு அறை" என்று மகள் சொல்ல, அவர்கள் "டூ பி.எச்.கே" என்று எழுதிக்கொண்டார்கள். பத்து நிமிஷத்தில் விலை வந்துவிட்டது.

பெட்ரூமை எண்ணி விலை சொல்வதில் தப்பில்லை. நகரத்து அடுக்ககங்களில் அது ஓரளவு சரியாகவே வரும், ஏனென்றால் அங்கே எந்த இரண்டு பெட்ரூம் வீட்டைத் திறந்தாலும் அதே கட்டில், அதே சோபா, அதே ஃபிரிட்ஜ். பள்ளத்தூரில் "இரண்டு அறை" என்ற சொல்லுக்கு அந்தப் பொருளே கிடையாது.

தாளின் அடியில் சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். வண்டி: பிக்கப். ஆள்: மூன்று. இறக்குக்கூலி வாடிக்கையாளர் பொறுப்பு. கண்ணாடிக்கு மரக்கூண்டு தனி. ஜி.எஸ்.டி. தனி. ஆவணக் கட்டணம் தனி. பிக்கப் தொட்டி எட்டு ஒன்பது அடி நீளம், ஐந்தரை அடி அகலம். ஆறடி உயரம் அடுக்கினாலும் 270, 280 கன அடிக்கு மேல் கொள்ளாது, பாரமும் ஒன்றரை டன் சுற்றுவட்டம்தான். 450 கன அடியும் இரண்டு டன்னும் அதில் எப்படிப் போகும்? போகாது. அன்று காலையில் வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு இருக்குன்னு சொல்லலையே" என்பார்கள். சாமானெல்லாம் கட்டி முற்றத்தில் கிடக்கும்போது ஆச்சி என்ன பேரம் பேச முடியும்?

இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. தங்கை மதுரையிலிருந்து ஓசூருக்கு மாறியபோது, ஏற்றுகிற வரைக்கும் ஒரு விலை. ஓசூர் போய்ச் சேர்ந்ததும் கதவைத் திறக்காமலே 11,000 கூடக் கேட்டார்கள். மச்சான் கொடுத்துத்தான் தீர்த்தார். வேறென்ன செய்வது, கைக்குழந்தையின் பால்புட்டிகூட லாரிக்குள் இருந்தது.

58,000-ஐப் பிரித்துப் பார்த்தால்

இரண்டாவது கம்பெனி காரைக்குடிக்காரர்கள். ஒரு பையனை அனுப்பியிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் இருந்தான். பட்டாலையில் இரண்டு பெட்டகம் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. பையன் இரண்டையும் எழுதாமல், "ரெண்டும் உங்க பங்கா ஆச்சி?" என்று கேட்டான். ஒன்று பொது. பங்காளிகள் எல்லோரும் சம்மதிக்காமல் அது அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. அந்த ஒரு கேள்வியிலேயே இவன் இந்தப் பக்கத்துப் பையன், வேலை தெரிந்தவன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வெளியூர் சர்வேக்காரன் அதையும் எழுதி, அதற்கும் நாலு ஆள் போட்டிருப்பான். ஏற்றுகிற அன்று மலேசியாவிலிருந்து போன் வந்திருக்கும்.

அவன் போட்ட கணக்கைக் கேட்டு வாங்கினேன். கேட்டால் தருவார்கள், பலர் கேட்பதில்லை.

லாரி, 17 அடி கன்டெய்னர்: 18,000. காரைக்குடி வழியாகப் புதுக்கோட்டை, திருச்சி, அங்கிருந்து சென்னை. 420 கிலோமீட்டருக்கு அங்கே இங்கே. லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் என்றால் போக மட்டும் 60 லிட்டர் டீசல், அன்றைக்கு லிட்டர் 93 ரூபாய் சுற்று, அதாவது 5,600. சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று திருச்சிக்கு அப்பால் வரிசையாகச் சுங்கச்சாவடிகள். டிரைவர் பேட்டா. இதெல்லாம் போக மீதி எதற்கு என்றால், திரும்பி வருவதற்கு. வாடகையில் ஒரு பெரிய பங்கு காலி லாரி ஊர் திரும்புகிற செலவு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதில்தான் ஆச்சிக்குக் காசு மிச்சமாயிற்று.

ஆள் கூலி: 14,800. முதல் நாள் கட்டுவதற்கு நாலு பேர், 4,000. மறுநாள் ஏற்றுவதற்கு ஆறு பேர், 6,000. வேளச்சேரியில் இறக்க நாலு பேர், 4,800. சென்னையில் ஆள் கூலி கூடுதல்.

கட்டுகிற சாமான்: 10,000. அட்டைப்பெட்டி, நெளி அட்டைச் சுருள், பபிள் ஷீட், சுற்றுகிற பிளாஸ்டிக் படலம், டேப். கண்ணாடிக்கு ரீப்பர் கட்டையில் கூண்டு அடிக்க மட்டும் இதில் 2,400. கண்ணாடியைப் படுக்க வைக்கக் கூடாது, நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும். படுத்த கண்ணாடி ஒரு வேகத்தடையைத் தாங்காது. அண்டாக்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டு நடுவே வைக்கோல் வைக்கலாம் என்று ஆச்சி சொன்னார். பபிள் ஷீட்டை விட அது நல்ல யோசனை. உரசல் கோடு விழாது, பின்கட்டில் வைக்கோலும் சும்மா கிடந்தது.

கூட்டினால் 42,800. அலுவலகச் செலவும் லாபமும் 15 சதவீதம், 6,400. ஆக 49,200. கட்டுவது, ஏற்றுவது, கொண்டுபோவது, இறக்குவது எல்லாம் சேர்ந்த முழுச் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 58,000 ஆகிவிட்டது. இன்ஷூரன்ஸ் இதில் இல்லை, தனி என்று தெளிவாக எழுதியிருந்தான்.

87,000-இல் என்ன இருந்தது

பெரிய கம்பெனி. வீடியோ காலில் சர்வே. ஆச்சியின் பேரன் போனைப் பிடித்துக்கொண்டு வளவைச் சுற்றி வந்தான். தூணும் கண்ணாடியும் நன்றாகத் தெரிந்திருக்கும். சாமான் அறையில் விளக்கு மங்கல், புத்தகப் பெட்டிகள் தெரிந்திருக்காது. வீட்டைப் பார்த்து விலை போட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம், நிரூபிக்க முடியாது.

தாளைப் பிரித்தால் அவ்வளவு பயப்பட வேண்டிய விலை இல்லை. அவர்களே சாமான் மதிப்பு ஆறு லட்சம் என்று போட்டு, அதில் 3 சதவீதம், 18,000 இன்ஷூரன்ஸ் என்று சேர்த்திருந்தார்கள். அதைக் கழித்தால் 69,000. ஜி.எஸ்.டி.யைக் கழித்தால் 58,500. இரண்டாவது கம்பெனியின் வரியில்லாத 49,200-க்கும் இதற்கும் வித்தியாசம் 9,300. அதற்கு இருபதடிக் கன்டெய்னர், மெத்தை வைத்த உறை, சென்னையில் தங்கள் சொந்த ஆட்கள். நியாயமான வித்தியாசம்தான். வேண்டுமா வேண்டாமா என்பது வேறு.

இனி முதல் தாளையும் அதே வேலைக்குக் கொண்டுவந்தேன். 34,000-உடன், பிக்கப்புக்குப் பதில் 17 அடி லாரிக்கு 7,000, இன்னும் மூன்று ஆளுக்கு 3,000, இறக்குக்கூலி 4,800, கண்ணாடிக் கூண்டு 2,400. ஆக 51,200. மேலே 18 சதவீதம். ரூ.60,400.

ஊஞ்சலில் கிடந்த தாள்களில் பேனாவால் திருத்தி எழுதினேன்: 60,400, 58,000, 69,000. ஆச்சி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். குறைந்த தாள் நடுத்தாளாகிவிட்டது.

"அப்ப இந்தப் புள்ள மட்டும்தான் முழுசா எழுதியிருக்கான்" என்று இரண்டாவதைத் தனியாக எடுத்து மடித்து வைத்தார்.

பின்வாசல், ரிட்டன் லோடு, ஆடி

கம்பெனியை முடிவு செய்த பிறகுதான் விலை பேச வேண்டும் என்பது என் கட்சி. வேறொருவரின் தாளைக் காட்டி "அவர் இவ்வளவுக்கு வர்றாரே" என்று பேசினால், அவர்களும் எதையாவது எழுதாமல் விட்டுத்தான் குறைப்பார்கள். அதை விட, செலவையே குறைக்க வழி சொன்னால் விலை தானாக இறங்கும்.

முதலாவது, பின்வாசல். லாரி முன்தெருவில் நிற்கும் என்று பையன் எழுதியிருந்தான், ஏனென்றால் எல்லா லாரியும் முன்தெருவில்தான் நிற்கும். பின்தெருவில் நிறுத்தினால் சாமான் அறையிலிருந்து வாசலுக்கு இருபத்தைந்து எட்டுதான், படியும் இரண்டே. கட்டில், பீரோ மட்டும் கொஞ்சம் அதிகம் நடக்க வேண்டும். பின்வாசல் கதவு பல வருஷமாகத் திறக்காமல் தாழ் துருப்பிடித்துக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் தட்டித் திறந்தோம். ஏற்றுகிற ஆளில் ஒருவர் குறைந்தார்.

இரண்டாவது, காலி லாரி. சென்னையிலிருந்து யாரோ ஒருவரின் சாமானைக் கொண்டுவந்து இந்தப் பக்கம் இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டி கிடைத்தால், திரும்புகிற செலவை அவர் ஏற்கெனவே கொடுத்திருப்பார். தொழிலில் இதை ரிட்டன் லோடு என்போம். கிடைக்கும், ஆனால் தேதியை நாம் விட்டுக்கொடுக்க வேண்டும். "இந்த வாரத்துக்குள் எந்த நாளானாலும் சரி" என்று சொல்கிறவருக்குத்தான் அது வரும். பங்கு லோடு என்று இன்னொன்று உண்டு. இரண்டு மூன்று வீட்டுச் சாமான் ஒரே லாரியில் போகும், இன்னும் மலிவு. ஆனால் நடுவில் கிடங்கில் இறக்கி ஏற்றுவார்கள், நாள் கூடும். மங்கு ஜாடி இருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம் என்று நானே தடுத்துவிட்டேன்.

தேதியை விட்டுக்கொடுப்பதில்தான் பெரிய பேச்சு. மகள் ஆவணி முதல் முகூர்த்தத்தைக் கேட்டிருந்தார். ஊரே அன்றைக்குத்தான் கேட்கும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். லாரியும் லோடுமேனும் சும்மா இருக்கும் மாதங்கள் அவை. தை, வைகாசி, ஆவணி பிறந்தால் போனை எடுக்கவே ஆள் இருக்காது. மே மாதம் பள்ளி விடுமுறை வேறு. ஆடிக் கடைசி வாரத்தில் அனுப்பலாமா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஆச்சி கொஞ்ச நேரம் ஊஞ்சலை உந்திக்கொண்டிருந்தார்.

"பால் காய்ச்சறது ஆவணியிலதானே. இப்ப சாமான்தானே போகுது, நான் போகலையே" என்றார். குத்துவிளக்கில் ஒன்று, சாமி படங்கள், உப்பு ஜாடி மட்டும் லாரியில் போகக் கூடாது, தன்னோடுதான் வரும் என்று ஒரு நிபந்தனை.

லாரி 13,000-க்கு வந்தது. ஏற்றுகூலியில் 1,000 குறைந்தது. லாபத்தையும் 6,000 ஆக்கிக்கொண்டார்கள். வரியோடு ரூ.50,500.

இன்ஷூரன்ஸும் லாரி ரசீதும்

மதிப்பு நாலு லட்சம், ஒன்றரை சதவீதம், 6,000. இந்த விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மூன்று வரைக்கும் கேட்பார்கள். விகிதத்தை விட முக்கியம், யாருடைய இன்ஷூரன்ஸ் என்பது. சாமான் ஏற்றுகிற கம்பெனி இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆகாது. "ரிஸ்க் கவர்" என்று காசை வாங்கிக்கொண்டு, பாலிசியே எடுக்காதவர்களும் உண்டு. பாலிசித் தாள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பெயரில் கைக்கு வந்த பிறகுதான் 6,000-ஐக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்தேன். அதிலும் லாரி கவிழ்ந்தால் மட்டுமா, உடைந்தால், தொலைந்தால் சேர்த்தா என்று பார்க்க வேண்டும். நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். அதனால் எனாமல் பெட்டி மூன்றையும் கம்பெனி ஆட்களே பிரித்து எண்ணிக் கட்டினார்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011 விதிகளும் சொல்கிறபடி, சரக்குக்குச் சேதம் வந்தால் ஏற்றிச் சென்றவரின் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கு வரைதான், அதுவும் நாம் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டாமல். இப்போது லாரி ரசீதைப் பாருங்கள். டிரைவர் பழக்கத்தில் "பழைய வீட்டுச் சாமான், மதிப்பு 20,000" என்று எழுதிவிடுவார். அப்படி எழுதினால் பெல்ஜியம் கண்ணாடியும் தேக்கும் எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். ஆச்சியின் ரசீதில் முதலில் 25,000 என்றுதான் இருந்தது. அடித்துத் திருத்தி நாலு லட்சம் என்று எழுத வைத்தோம். கேட்க வேண்டியிருந்தால், சரக்கு பதிவான நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். போனில் கத்துவது கணக்கில் வராது.

முதல் கம்பெனியின் ஆவணக் கட்டணம் எதற்கென்று மகள் விசாரித்திருந்தார். சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி. விதிப்படி எடுக்கிற இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டுக்காம். புழங்கிய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில்லே தேவையில்லை, விதியிலேயே விலக்கு உண்டு.

பணம் கொடுத்த முறை: பதிவுக்கு 10 சதவீதம், ஏற்றி முடித்ததும் பாதி, மீதி வேளச்சேரியில் இறக்கிய பிறகு. முதல் கம்பெனி ஏற்றியதும் 80 சதவீதம் கேட்டிருந்தது. ஓசூர் கதைக்குப் பிறகு எனக்கு அந்த வரியைப் பார்த்தாலே ஆகாது.

ஏற்றிய அன்று, இறக்கிய அன்று

ஏற்றியதில் சொல்ல ஒன்றுமில்லை. காலை ஏழுக்கு ஆரம்பித்து ஒன்றரைக்கு முடிந்தது. பெட்டகம் மட்டும் முக்கால் மணி நேரம் எடுத்தது.

வேளச்சேரியில்தான் நாங்கள் எல்லோரும் கோட்டை விட்டிருந்தது தெரிந்தது. பள்ளத்தூர் வீட்டை அங்குலம் அங்குலமாக அளந்த நான், போய்ச் சேருகிற தெருவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையனும் கேட்கவில்லை. "லிஃப்ட் இருக்கா, எத்தனாவது மாடி" என்பதோடு நிறுத்திக்கொண்டோம். தெருவில் இரண்டு பக்கமும் கார்கள், மேலே தொங்குகிற கேபிள்கள். கன்டெய்னர் முனையிலேயே நின்றுவிட்டது. அடுக்ககச் சங்கம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரைதான் சாமான் ஏற்ற விடும். பெரிய வண்டிகளுக்குச் சென்னையில் பகல் நேரக் கட்டுப்பாடு வேறு. ஒரு டாடா ஏஸ் பிடித்து மூன்று நடை அடித்தார்கள். நடைக்கு 1,000.

இந்த 3,000-ஐ யார் கொடுப்பது? கொட்டேஷனில் இல்லை. கம்பெனி சொன்னது, தெரு குறுகல் என்று நீங்கள் சொல்லவில்லை. மகள் சொன்னது, நீங்கள் கேட்கவில்லை. இரண்டும் உண்மை. அரை மணி நேரம் போனில் இழுத்து, ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. 50,500, இன்ஷூரன்ஸ் 6,000, ஏஸ் 1,500. கூட்டிப் பார்த்தால் 58,000. பையன் முதலில் சொன்ன அதே தொகை, இந்த முறை இன்ஷூரன்ஸும் உள்ளே.

கண்ணாடி முழுசாக வந்தது. ஆட்டுக்கல் லிஃப்டில் தனியாக ஏறியது. சங்கத்துச் செயலாளர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாராம்.

ஆவணியில் ஆச்சி விளக்கை மடியில் வைத்துக்கொண்டு பல்லவன் ரயிலில் போய் இறங்கினார். பால் காய்ச்சிய மறுநாள் எனாமல் பெட்டிகளைப் பிரித்து எண்ணியபோது, பச்சைப் பூப்போட்ட தூக்கு ஒன்றுக்கு மூடி இல்லை. பட்டியலில் "எனாமல் தூக்கு 1, மூடியுடன்" என்று பையன் கைப்பட எழுதியிருந்ததால் பேச்சு நீளவில்லை. மகள் மெயில் அனுப்பினார். இன்ஷூரன்ஸ் வரைக்கும் போகாமல் கம்பெனியே 38-ஆம் நாள் 600 ரூபாய் அனுப்பிவிட்டது. தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது நல்ல தீர்வு. அதைச் சொல்லத்தான் ஆச்சிக்குப் போன் செய்தேன்.

"அது சரி தம்பி, அறுநூறு ரூவாயை வச்சு நான் தூக்கை எப்படி மூடுறது?" என்று கேட்டார்.